வயிற்றுப்புண்ணும் ஒரு சுருள் கிருமியும்

"நேரத்துக்குச் சாப்பிடாம ஊர் சுத்தினா அல்சர் வராம என்ன செய்யும்?" என்ற வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. காரம் கூடாது, காபி கூடாது, கவலைப்படக் கூடாது, குளிர்ந்த பால் குடிக்க வேண்டும் என்று வயிற்றுப்புண்காரருக்கு அறிவுரை சொல்லாதவர்களும் குறைவுதான். இவை பாட்டி வைத்தியம் மட்டுமல்ல. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகின் பெரிய பெரிய மருத்துவக் கல்லூரிகள் கற்பித்ததும் ஏறக்குறைய இதுதான். நோயாளியின் குணமும் சாப்பாடும்தான் குற்றவாளிகள். உண்மையான குற்றவாளியோ ஒரு மில்லிமீட்டரின் முந்நூறில் ஒரு பங்கு நீளமே உள்ள ஒரு பாக்டீரியா. அதைப் பலர் கண்ணால் பார்த்தார்கள், வரைந்தும் வைத்தார்கள். ஆனாலும் நூறு ஆண்டுகள் அதைப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கதைதான் இது.

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சாதாரணமானதல்ல. உணவோடு வரும் பெரும்பாலான கிருமிகள் அதில் விழுந்ததும் செத்துப் போகின்றன. எனவே இரைப்பைக்குள் எந்த உயிரும் நிலையாகக் குடியிருக்க முடியாது என்பது மருத்துவ உலகில் கேள்வி கேட்கப்படாத பாடமாக இருந்தது. 1910-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் அமிலம் இல்லாவிட்டால் புண் இல்லை என்று ஒரு வாசகத்தைச் சொல்லி வைத்தார். அது கிட்டத்தட்ட மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. அமெரிக்காவில் பெர்ட்ரம் ஸிப்பி என்பவர் 1915-இல் ஒரு உணவுமுறையை வெளியிட்டார். மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே அமிலத்தை முறிக்கும் பொடிகள். பல பத்தாண்டுகள் லட்சக்கணக்கானவர்கள் இதையே மருந்தாகக் குடித்து வந்தார்கள். அதன் பிறகு உளவியல் வந்தது. மனத்துக்குள் எதையோ அடக்கி வைப்பவர்களுக்கு அல்சர் வரும் என்று புத்தகங்கள் எழுதப்பட்டன. வயிற்று வலியோடு வந்தவர் மனநல மருத்துவரிடம் அனுப்பப்படுவது சகஜமானது.

இவையெல்லாம் பலிக்காதபோது கத்திதான். இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது, அல்லது அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் வேகஸ் நரம்பை அறுப்பது. புண் ஆழமாகி ரத்தக்குழாயைத் தொட்டால் ரத்த வாந்தி. குடல் சுவரையே துளைத்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. இன்று மாத்திரையில் தீருகிற நோய் அன்று ஆளைக் கொன்ற நோய் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊர் ஒன்றும் வருகிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனை. 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மலையிலிருந்து இறங்கி வந்து தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட இடம் அது. அவரிடம் அதிகம் வந்த நோய்களில் ஒன்று முன்சிறுகுடல் புண். இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் அவர் செய்த அறுவை சிகிச்சைகளின் அனுபவம் பின்னர் ஒரு நூலாகவே வந்தது. மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவே என்ற இன்னொரு அறுவை மருத்துவர், கோதுமை தின்னும் வட இந்தியாவைவிட அரிசி தின்னும் தென்னிந்தியாவில் இந்தப் புண் அதிகமாக இருப்பதைக் கவனித்து உணவில் காரணம் தேடினார். இவர்கள் யாரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். எங்கே தேட வேண்டும் என்பதுதான் அன்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

உண்மையில் யாருக்குமே தெரியவில்லை என்று சொல்வதும் தவறு. 1890-களில் இத்தாலியின் ஜூலியோ பிட்சொசேரோ நாய்களின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்து விவரமாக எழுதினார். 1899-இல் போலந்தின் கிராகூவ் நகரில் வலேரி யாவோர்ஸ்கி என்ற பேராசிரியர், மனிதர்களின் இரைப்பையைக் கழுவி எடுத்த நீரின் வண்டலில் அதே மாதிரியான கிருமிகளைக் கண்டார். வயிற்று நோய்களில் இவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் அவர் எழுதியது போலிஷ் மொழியில். வெளியே யார் படிப்பார்கள்? 1940-இல் பாஸ்டனில் ஃப்ரீட்பெர்க்கும் பேரனும் அறுவையில் அகற்றிய இரைப்பைகளை வெள்ளிச் சாயம் கொண்டு சோதித்து, பத்தில் நான்கு பேருக்குச் சுருள் கிருமிகள் இருப்பதைக் கண்டார்கள்.

இந்த வழியிலேயே போயிருந்தால் வயிற்றுப்புண் வரலாறு நாற்பது ஆண்டுகள் முன்னதாகவே திரும்பியிருக்கும். குறுக்கே வந்தது 1954-இல் வெளியான ஓர் ஆய்வு. எடி பால்மர் என்ற அமெரிக்க மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுவைச் சோதித்து, ஒன்றில்கூடக் கிருமி இல்லை என்று அறிவித்தார். முன்னால் பார்த்தவர்கள் கண்டது வாயிலிருந்து இறங்கிய அசுத்தமாகவோ, இறந்த பின் வந்து சேர்ந்ததாகவோ இருக்கும் என்று முடிவு கட்டினார். எண்ணிக்கை பெரியது, பெயரும் பெரியது. விஷயம் அத்தோடு மூடப்பட்டது. ஆனால் அவர் பயன்படுத்தியது வழக்கமான சாயம். இந்தக் கிருமியை அதில் எளிதாகப் பார்க்க முடியாது. ஃப்ரீட்பெர்க் பயன்படுத்திய வெள்ளிச் சாயத்தை அவர் எடுத்திருந்தால் போதும். ஆயிரம் முறை தேடியும் கிடைக்கவில்லை என்பதற்கும், கிடைக்காத மாதிரி ஆயிரம் முறை தேடினார் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்!

இதற்கிடையில் கிரேக்க நாட்டில் ஒரு சோகக் கதை நடந்தது. கவிஞர் பைரன் இறந்த ஊரான மெசொலொங்கியில் ஜான் லிகூடிஸ் என்றொரு பொது மருத்துவர் இருந்தார். 1958-இல் தனக்கு வந்த வயிற்றுக் கோளாறுக்கு அவர் ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டார். வெகுநாளாகத் தொல்லை கொடுத்த வயிற்று உபாதையும் சேர்ந்து போய்விட்டது. அப்படியானால் அல்சருக்குக் காரணம் கிருமிதானோ என்று சந்தேகப்பட்டு, தன்னிடம் வந்த நோயாளிகளுக்கும் ஆன்டிபயாடிக் கலவை ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார். குணமானவர்கள் ஊர் ஊராகச் சொல்ல, கூட்டம் பெருகியது. 1961-இல் அந்த மருந்துக்குக் கிரேக்கக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் அரசு அதை அங்கீகரிக்க மறுத்தது. மருந்து நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எழுதி அனுப்பிய கட்டுரையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1966-இல் திருப்பி அனுப்பியது. 1968-இல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்து நாலாயிரம் டிராக்மா அபராதமும் விதித்தார்கள். 1980-இல் அவர் இறந்தார்.

அவர் மீது அனுதாபம் வருவது இயல்பு. ஆனால் மறுபக்கமும் உண்டு. லிகூடிஸ் எந்தக் கிருமி என்று காட்டவில்லை. மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு முறையான சோதனை எதுவும் செய்யவில்லை. "என் மருந்தில் ஆயிரம் பேர் குணமானார்கள்" என்று சொல்கிற எல்லோரையும் நம்பிவிட்டால் மருத்துவத்தின் கதி என்னவாகும்? அவர் சொன்னது சரி. அதைச் சரி என்று மற்றவர்கள் அறிந்துகொள்ள அவர் வழி வைக்கவில்லை. அபராதம் விதித்தவர்களும் சோதித்துப் பார்த்துவிட்டு விதிக்கவில்லை என்பதுதான் வேதனை.

1979 ஜூன் 11. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் இருக்கும் ராயல் பெர்த் மருத்துவமனை. நோயியல் மருத்துவர் ராபின் வாரனுக்கு அன்று 42-வது பிறந்த நாள். ஒரு நோயாளியின் இரைப்பைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர் அதன் மேற்பரப்பில் மெல்லிய நீலக் கோடு ஒன்றைக் கண்டார். பெரிதாக்கிப் பார்த்தால் பாக்டீரியா போலிருந்தது. உடன் வேலை செய்தவர்களுக்கு அது தெரியவில்லை. வெள்ளிச் சாயம் ஏற்றியபோது கூட்டம் கூட்டமாகக் கிருமிகள் பளிச்சென்று தெரிந்தன. இரைப்பையில் கிருமி வாழாது என்று பாடம் சொன்னதே, இது என்ன? வாரன் அதிகம் பேசாத மனிதர். யாரோடும் சண்டைக்குப் போகாமல் இரண்டு ஆண்டுகள் தனியாகவே திசுக்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். கிருமி இருக்கும் இடத்திலெல்லாம் இரைப்பை அழற்சியும் இருப்பதைக் கவனித்தார். மற்றவர்கள் கேலி செய்தபோது ஊக்கம் கொடுத்தவர் மனநல மருத்துவரான அவரது மனைவி வின்.

1981-இல் அவரைத் தேடி வந்தார் பாரி மார்ஷல். வயது 29. பயிற்சிக் காலத்தில் ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டும், விஷயம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வந்தவர். வாரன் கொடுத்த நோயாளிகள் பட்டியலில் மார்ஷலுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பெண் இருந்தார். தீராத வயிற்று வலி, குமட்டல். எல்லாப் பரிசோதனையும் செய்து ஒன்றும் கிடைக்காததால் மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டு மன அழுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய இரைப்பைத் திசுவில்தான் கிருமிகள் இருந்தன! மார்ஷலுக்கு அது உறுத்தியது.

1982-இல் இருவரும் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வந்த 100 பேரை ஆராய்ந்தார்கள். 58 பேருக்குக் கிருமி இருந்தது. முன்சிறுகுடல் புண் இருந்த அத்தனை பேருக்கும் இருந்தது. ஆனால் கண்ணால் கண்டால் மட்டும் போதாதே, வளர்த்துக் காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். ஆய்வகத்தில் தட்டில் வைத்த மாதிரிகளில் ஒன்றுமே முளைக்கவில்லை. வழக்கப்படி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரல் மாதம் ஈஸ்டர் விடுமுறை வந்தது. வேலை நெருக்கடியில் சில தட்டுகளை யாரும் தொடவில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் ஜீவன் அது. இரண்டு நாளில் வளராது. முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகள் அதுவரை குப்பைக்குப் போயிருந்தன.

மருத்துவ உலகம் இதை வரவேற்றதா? 1983-இல் ஆஸ்திரேலிய இரைப்பை-குடலியல் சங்கத்தின் கூட்டத்துக்கு மார்ஷல் அனுப்பிய சுருக்கம் நிராகரிக்கப்பட்டது. கிருமியியல் ஆய்வாளர்கள் ஆர்வம் காட்டினார்கள். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் பேச வாய்ப்புக் கிடைத்தது. லான்செட் இதழில் முதலில் இரண்டு கடிதங்களும், 1984 ஜூனில் முழுக் கட்டுரையும் வெளிவந்தன. இரைப்பை மருத்துவர்கள் மட்டும் அசையவில்லை. புண் இருக்கும் இடத்தில் கிருமி வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாமே, கிருமியால்தான் புண் வந்தது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் சொல்ல மார்ஷல் பன்றிகளுக்குக் கிருமியை ஏற்றிப் பார்த்தார். தொற்றவில்லை. மிச்சமிருந்த ஒரே விலங்கு அவர்தான்! 1984-இல் முதலில் தன் இரைப்பையை உள்நோக்கியால் பரிசோதித்து, கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமிக் குழம்பைக் குடித்துவிட்டார். மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. சில நாட்களில் குமட்டல், வாய் நாற்றம், பிறகு காலையில் வாந்தி. பத்தாம் நாள் மீண்டும் சோதித்தபோது இரைப்பை முழுக்க அழற்சி, கூடவே கிருமிகள். விஷயம் தெரிந்த மனைவி கோபப்பட, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குணமானார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்களில் பலர், அவருக்கு அல்சர் வந்தது என்றே எழுதிவிடுகிறார்கள். வரவில்லை. வந்தது இரைப்பை அழற்சி மட்டும். ஆரோக்கியமான இரைப்பையை இந்தக் கிருமி நோயாக்கும் என்பதைத்தான் அந்தச் சோதனை நிரூபித்தது. ஒரே ஒரு ஆளிடம் செய்தது என்ற குறையும் உண்டு. நியூசிலாந்தில் ஆர்தர் மாரிஸ் என்ற மருத்துவரும் இப்படிக் குடித்துப் பார்த்தார். அவருக்கு மார்ஷல் போல அதிர்ஷ்டம் இல்லை. கிருமி லேசில் போகாமல் சில ஆண்டுகள் தங்கிவிட்டது.

அல்சர் வாதத்தை வென்றது வேறு வகைச் சோதனைகள். இதைப் புரிந்துகொள்ள அன்றைய மருந்துச் சந்தையைப் பார்க்க வேண்டும். 1976-இல் ஜேம்ஸ் பிளாக் குழுவினரின் சிமெடிடின் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் அந்த மாத்திரை உண்மையிலேயே அற்புதம். கத்திக்குப் போக வேண்டிய எத்தனையோ பேரை அது காப்பாற்றியது. பிளாக் 1988-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் புண் திரும்ப வந்தது. எனவே வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். பிஸ்மத் சேர்ந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு மட்டும் புண் திரும்புவது குறைவாக இருந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பிஸ்மத் இந்தக் கிருமியைக் கொல்லும் என்பதை மார்ஷல் ஆய்வகத்தில் கண்டார். சிட்னியில் தாமஸ் போரடி என்ற மருத்துவர் பிஸ்மத்தோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்து மூன்று மருந்துச் சிகிச்சையை உருவாக்கினார். கிருமி ஒழிந்தவர்களில் மிகச் சிலருக்கே புண் திரும்பியது. மூன்று கண்டங்களிலும் இதே முடிவு வந்தபோது வாதிட எதுவும் மிஞ்சவில்லை. 1994 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, கிருமி உள்ள அல்சர்காரர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு. (வாரன் 2024 ஜூலையில் தன் 87-வது வயதில் காலமானார்.)

மருந்து நிறுவனங்கள் சதி செய்து உண்மையை மறைத்தன என்றும் ஒரு கதை உலவுகிறது. ஆயுள் முழுக்க விற்கும் மாத்திரை இருக்கும்போது இரண்டு வாரச் சிகிச்சையில் அவற்றுக்கு ஆர்வம் இல்லாமல் போனது உண்மைதான். அதற்காகச் சதி என்பது மிகை. கிருமி வளர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டே ஆண்டுகளில் பாடப் புத்தகம் மாறிவிட்டது. மருத்துவத்தில் இது வேகம்தான்.

பெயரும் சும்மா இல்லை. முதலில் கேம்பிலோபாக்டர் குடும்பத்தில் சேர்த்தார்கள். லத்தீன் இலக்கணம் தப்பு என்று 1987-இல் ஒரு திருத்தம். பிறகு குடும்பமே தப்பு என்று 1989-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி ஆனது. சுருள் வடிவம் என்பதும், இரைப்பையின் கீழ்வாயில் என்பதும் அதன் பொருள்.

அமிலக் குளத்தில் இது எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. அது இரைப்பையில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. அம்மோனியா காரம், ஆகவே கிருமியைச் சுற்றி அமிலம் முறிந்துவிடுகிறது. அந்தப் பாதுகாப்பில், வாலில் உள்ள கசையிழைகளைச் சுழற்றி, திருகாணி போல இரைப்பையின் சளிப் படலத்துக்குள் துளைத்துப் போய்க் குடியேறுகிறது. அங்கே அமிலம் குறைவு. இந்த நொதியை வைத்துத்தான் மூச்சுப் பரிசோதனையும் நடக்கிறது. அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, வெளிவிடும் மூச்சில் அந்தக் கார்பன் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் கிருமி உள்ளே இருக்கிறது.

கிருமி இருப்பது இரைப்பையில், புண் வருவதோ பெரும்பாலும் முன்சிறுகுடலில். இது எப்படி? இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அழற்சி ஏற்படும்போது காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதனால் அமிலம் அதிகமாகச் சுரந்து குடலுக்குள் இறங்கி அதன் சுவரை அரிக்கிறது. ஆக, அமிலம் இல்லாவிட்டால் புண் இல்லை என்ற ஷ்வார்ட்ஸ் முழுக்கத் தவறானவர் அல்லர். பாதி சரி. அந்தப் பாதிதான் எண்பது ஆண்டுகள் மறு பாதியை மறைத்தது.

உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இந்தக் கிருமி இருப்பதாக நெடுங்காலம் கணக்கிடப்பட்டு வந்தது. சுகாதாரம் மேம்பட்ட நாடுகளில் அது வேகமாகக் குறைந்து வருகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது. இருக்கிற எல்லோருக்கும் புண் வருவதில்லை. பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்தான். மற்றவர்களுக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விடும். அதேபோல எல்லா வயிற்றுப்புண்ணுக்கும் இதுவே காரணம் என்பதும் இல்லை. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் விழுங்கும் வலி நிவாரணிகள் இன்னொரு முக்கியக் காரணம். பால் குடிப்பதால் புண் ஆறுவதில்லை. சிறிது நேரம் எரிச்சல் தணியும், பிறகு அமிலம் கூடவே சுரக்கும்.

சிகிச்சையும் முன்போல எளிதாக இல்லை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை அடிப்படையாகக் கொண்ட மூன்று மருந்துச் சிகிச்சை பல நாடுகளில் தோற்றுக்கொண்டிருக்கிறது. வேறு நோய்களுக்கு அதே மருந்தைக் கண்டபடி சாப்பிட்டதில் கிருமி பழகிக்கொண்டது. எனவே பிஸ்மத்தையும் சேர்த்து நான்கு மருந்துகளைப் பதினான்கு நாட்கள் கொடுக்கும் முறை மீண்டும் முன்னுக்கு வந்திருக்கிறது. சற்றுத் தெம்பு வந்ததும் ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் கிருமிக்குத்தான் உதவி செய்கிறார்கள்.

இந்தக் கிருமிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்பது பிறகுதான் தெரிய வந்தது. பல நாட்டு மக்களிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதன் புறப்பட்டபோது அவன் வயிற்றில் இதுவும் கூடவே புறப்பட்டது என்று அது காட்டியது. ஆல்ப்ஸ் மலையின் பனியில் 1991-இல் கிடைத்த, 5,300 ஆண்டுகள் பழமையான "ஓட்சி" என்ற பனி மனிதனின் இரைப்பையிலும் இதன் மரபணுக்களைக் கண்டார்கள். 2016-இல் அந்த முடிவு வெளியானபோது ஆய்வாளர்களே வியந்தார்கள். ஐரோப்பிய மலையில் இறந்த அந்த மனிதனின் வயிற்றில் இருந்த கிருமி இன்றைய ஐரோப்பியர்களிடம் இருப்பதைப் போல இல்லை. மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் இன்று காணப்படும் வகையைத்தான் அது ஒத்திருந்தது.